தண்ணீர் கெட்டது என்று சொன்ன ஊரார்



எரிகோவின் தண்ணீரை எலிசா ஆரோக்கியமாக்கிய அற்புதத்தை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். புதுத் தோண்டியும் உப்பும் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்த அற்புதம் எங்கே தொடங்கியது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 2 இராஜாக்கள் இரண்டாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். எலிசா தாமாகச் சென்று நீரூற்றைச் சோதித்ததாக அங்கே எழுதப்படவில்லை. ஊரார் அவரிடம் வந்தார்கள். தங்கள் ஊர் குடியிருக்க நல்ல ஊர் என்று முதலில் சொன்னார்கள். பிறகு தண்ணீரும் நிலமும் கெட்டிருப்பதை மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். அதன் பின்புதான் தீர்க்கதரிசி தோண்டியைக் கேட்டார்.

வந்தவர்களின் பெயர்கள் வேதத்தில் இல்லை. அவர்கள் இராஜாக்களும் அல்ல, ஆசாரியர்களும் அல்ல, சாதாரணக் குடிமக்கள். தங்கள் ஊரை நேசித்தார்கள். அதன் குறையைச் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார்கள். இந்த இரண்டும் ஒரே இருதயத்தில் இருக்கக்கூடும் என்பதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு நம்மில் அநேகருடைய வேர்கள் இருக்கும் கோலார் தங்கவயலுக்குச் செல்வோம்.

தங்கம் போயிற்று, மண் நின்றது

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் தங்கவயலில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கூலிகளாகச் சென்றார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும்வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகளில், 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெளியே வந்தது.

தங்கம் அங்கே தங்கவில்லை. தங்கினது மண். பாறையை மாவுபோல் அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பின், எஞ்சிய கழிவைக் குவித்து வைத்தார்கள். அப்படி 13 மேடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்த இரு தொகைகளையும் வகுத்துப் பார்த்தால், ஒரு பவுன் தங்கத்திற்கு ஏறத்தாழ 330 கிலோ கழிவு மண் பின்னால் நிற்கிறது. நம்மில் அநேகர் நகை அணிவதில்லை. ஆயினும் மற்றவர் கழுத்தில் மின்னிய தங்கத்தின் கழிவு நம் ஜனங்களின் வாசலில் கிடக்கிறது.

இதைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தலாகாது. பொய்ச்சாட்சி நல்ல காரியத்தையும் கெடுத்துவிடும். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்து போகிறது. ஆகையால் மேட்டைத் தொட்டாலே மரணம் என்பது சரியல்ல. சிதைந்து போகாதவை வேறு உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் நுண்ணிய சிலிக்காத் தூள் எழும்பி வீடுகளுக்குள் வருகிறது. நுண்ணிய சிலிக்காத் தூளை நெடுங்காலம் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய சிலிகோசிஸ் நோய் அத்தகைய தூளால் வருவதே. கழிவில் உள்ள கந்தகக் கனிமங்கள் மழைநீரோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகின்றன. அமிலம் உலோகங்களைக் கரைத்து மண்ணிலும் நீரிலும் சேர்க்கிறது.

நான் கையெழுத்திடாத தாள்

இங்கே என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தங்கவயலில் ஒரு லைன் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். அந்த வீட்டுத் தாயார் தண்ணீர்க் குடத்தை இரண்டாய் மடித்த துணியால் மூடி வைத்திருந்தார். காப்பி கொடுப்பதற்குமுன், ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்த தம்ளர்களை மறுபடியும் கழுவினார். அவருடைய கணவர் சுரங்கத்தில் உழைத்தவர்; கட்டிலில் உட்கார்ந்தபடியே இருமிக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சின்மேல் கைவைத்து ஜெபித்தேன்.

புறப்படும் வேளையில் சில வாலிபர் ஒரு தாளோடு வந்தார்கள். மேடுகளின்மேல் செடி வளர்த்துத் தூசியை அடக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதிய மனு அது. நான் கையெழுத்திடவில்லை. ஊழியக்காரனுக்கு இவ்வுலகக் காரியங்கள் எதற்கு என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாயார் என்னை மறுத்துப் பேசவில்லை. “அப்படின்னா காத்துக்காகவும் ஜெபம் பண்ணுங்க, ஐயா” என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. இருமலுக்காக ஜெபித்த நான் இருமலின் காரணத்தைக் குறித்து ஒரு வரி எழுதவும் மறுத்தேன். ஜெபம் குறைவுள்ளது என்று நான் சொல்லவில்லை. எரிகோவின் ஊரார் தீர்க்கதரிசியிடம் வந்து சொன்னதும் ஒருவகை விண்ணப்பமே. தேவனிடம் விண்ணப்பிக்கிற வாய், அதிகாரியிடம் விண்ணப்பிக்க வெட்கப்படவேண்டியதில்லை என்பதைத்தான் நான் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்டேன்.

அருவியிலிருந்து வந்த வெளிச்சம்

தங்கவயலுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலை வந்தடைந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களில் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின்பு, 1905-இல்தான். இத்திட்டத்துக்கு முன்னின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-இல் மறைந்தார். அந்த வெளிச்சத்தை அவர் காணவில்லை.

விழுகிற தண்ணீரின் மின்சாரம் புகையற்றது, சுத்தமானது. ஆயினும் அந்தச் சுத்தமான சக்தி இயக்கிய சுரங்கமே இந்த மண்மேடுகளை விட்டுச் சென்றது. ஆகையால் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மட்டும் போதாது. அதினால் ஆகும் வேலையின் கழிவு யாருடைய வாசலில் போய்ச் சேருகிறது என்றும் கேட்கவேண்டும். 2012-இல் தங்கவயல் மக்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.

2012 நவம்பர்

கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மீனவ மக்கள் 2011 முதல் தொடர்ந்து போராடி வந்ததை நீங்கள் அறிவீர்கள். அது குறித்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் நடந்தபோது, அணுக்கழிவை முடிவில் எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி எழுந்தது. 2012 நவம்பரில் அளிக்கப்பட்ட பதிலில் கோலார் தங்கச் சுரங்கங்களின் பெயர் வந்தது.

செய்தி வெளியானதும் தங்கவயலிலும் கோலார் மாவட்டத்திலும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். கன்னடம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். அவர்களுடைய அச்சம் காரணமற்றதல்ல. சுரங்கங்கள் மூடப்பட்டு, நீர் இறைக்கும் பம்புகள் நின்றபின், குழிகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. தண்ணீர் நிறைந்த குழியில் அணுக்கழிவா என்று சாதாரண மனிதரும் கேட்டார்கள். கர்நாடக மாநில அரசும் எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாட்களுக்குள், அப்படிப்பட்ட திட்டம் ஏதும் இல்லை, முற்காலத்தில் அங்கே ஆய்வு மட்டுமே நடந்தது என்று மத்திய அரசின் தரப்பில் விளக்கம் வந்தது.

கூடங்குளம் நிலையத்துக்கு 2013 மே 6 அன்று உச்சநீதிமன்றம் அனுமதி அளித்தது. பாதுகாப்புக்காக 15 கட்டளைகளையும் பிறப்பித்தது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் சபைகளிலேயே இரண்டு கருத்துகள் உண்டு. அது புகை கக்காத மின்சாரம் என்று ஆதரிப்போர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் இங்கே சுட்டிக்காட்டுவது ஒன்றே: சுரங்கம் இழந்து, வேலை இழந்து, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஊர், எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைக் குப்பைக்குழி ஆக்காதீர்கள் என்று சொன்னது. அதற்குப் பதில் கிடைத்தது.

2019-இலும் ஒரு காரியம் நடந்தது. தங்கவயலின் பெயரையே தாங்கிய திரைப்படத்தின் இரண்டாம் பாகம் சயனைடு மேட்டில் படமாக்கப்பட்டபோது, சுற்றுச்சூழல் கெடுகிறது என்று ஊரார் ஒருவர் உள்ளூர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்ற உத்தரவால் அங்கே படப்பிடிப்பு நின்றது. சினிமாவின் காரியம் நமக்குரியதல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பெரிய பணத்துக்கு எதிரே ஒரு தனிமனிதனின் மனு நின்றது என்பது நமக்கும் பாடம்.

பாலாற்றின் கீழ்க்கரையில்

தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் தந்தது பாலாற்றின்மேல் உள்ள பேத்தமங்கலம் ஏரி. அதே பாலாறு கீழே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்கிறது. நம்மில் அநேகருடைய பாட்டன்மார் விட்டுவந்த கிராமங்கள் அக்கரையில்தான் உள்ளன. அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழாயிற்று என்று வழக்கில் கூறப்பட்டது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்சநீதிமன்றத்தில் மனு கொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, கெடுத்தவனே ஈடு செலுத்தவேண்டும் என்ற நெறியையும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற நெறியையும் இந்நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. இன்று இந்தியாவின் எந்த மூலையிலும் சுற்றுச்சூழல் வழக்கில் வேலூரின் பெயர் எடுத்துச் சொல்லப்படுகிறது.

ஆயினும் பாலாறு முழுவதும் குணமாகிவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் இதே மாசைக் குறித்துத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் நிலத்தைச் சீர்படுத்தும் பணியும் நடக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 30 ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. லூக்கா 18-இல் வரும் விதவை நியாயாதிபதியிடம் எத்தனை முறை போனாள் என்று எழுதப்படவில்லை. ஓயாமல் போனாள் என்பதே நமக்குப் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

இது பழங்கதை அல்ல. 2024 ஜூனில், தங்கவயலின் 13 மண்மேடுகளை மறுபடியும் தோண்டி எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மேடுகள் உள்ள நிலம் ஆயிரம் ஏக்கருக்கும் அதிகம். வேலை வரும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் மண்ணைக் கிளறும்போது தூசியை எப்படி அடக்குவார்கள்? மறுபடியும் எஞ்சும் கழிவு எங்கே போகும்? தண்ணீரை யார் சோதிப்பார்கள்? இவற்றை முன்கூட்டியே கேட்பது வேலைக்கு விரோதம் அல்ல. வேலை செய்யப்போகும் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் பாதுகாப்பு.

கேட்பதற்கு வழி இருக்கிறது. பெரிய சுரங்கத் திட்டங்கள் சுற்றுச்சூழல் அனுமதி பெறுமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும் முறை உண்டு. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அங்கே படித்தவர்கள் மட்டுமல்ல, அவ்விடத்தில் வாழும் எவரும் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி, தண்ணீரையும் காற்றையும் சோதித்த அறிக்கைகளை எழுதிக் கேட்கலாம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. கர்நாடக வழக்குகளும் அங்கே வருகின்றன. இயற்கையைக் காப்பது ஒவ்வொரு குடிமகனுடைய கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவும் கூறுகிறது.

சூரிய மின்சாரத்தையும் இதே அளவுகோலால் அளப்போம். கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியசக்திப் பூங்கா அமைந்தபோது, நிலத்தை விலைக்கு வாங்காமல் விவசாயிகளிடம் குத்தகைக்குப் பெற்றார்கள். அது நல்ல முறை. ஆனால் நிலமற்ற கூலியாளுக்கு அந்தக் குத்தகைப் பணம் இல்லை. சுத்தமான மின்சாரத்தை வரவேற்போம். அதே மூச்சில் அந்தக் கூலியாளின் பெயரையும் சொல்வோம்.

பெங்களூரிலும் சென்னையிலும் குடியேறிவிட்ட வாசகர்களே, உங்கள் தாயும் தகப்பனும் இன்னும் லைன் வீட்டில் இருக்கக்கூடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, இருமல் நீடித்தால் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். ஊரார் எழுதும் மனு உங்கள் முன் வந்தால் பொறுமையாய் வாசியுங்கள். அது உண்மையானால் கையெழுத்திடுங்கள்.

நான் அன்று கையெழுத்திடாத தாளை இனித் தேடிப் பிடிக்க முடியாது. அந்தப் பெரியவரும் இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். ஆகிலும் அதற்குப் பின் என்னிடம் வந்த மனு எதையும் வாசியாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. எரிகோவின் தண்ணீரை ஆரோக்கியமாக்கினவர் உங்கள் ஊரின் தண்ணீரையும் காற்றையும் ஆரோக்கியமாக்குவாராக. அதற்காக ஜெபிக்கும் நமக்கு, சொல்லவேண்டிய இடத்தில் போய்ச் சொல்லும் தைரியத்தையும் அவர் தருவாராக. ஆமென்.