வேங்கட மலையில் ஒரு தொல்குடி

பைன் மரம் என்றதும் பனி படர்ந்த இமயச் சாரல்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பைன் குளிர்நாட்டுக்கே உரியதன்று. கரிபியக் கடலிலுள்ள இஸ்பானியோலா என்னும் வெப்பமண்டலத் தீவின் உயர்ந்த மலைகளில் பைன் இனம் ஒன்று இயற்கையாகவே காடாக வளர்ந்து நிற்கிறது. அங்ஙனமாயின், நம் தென்னாட்டு மலைகளில் பைன் உண்டா? இல்லை. உதகையிலும் கோடைக்கானலிலும் நாம் காண்பவை மனிதர் நட்டவையே.

ஆயினும் பைனுக்குத் தூரத்து உறவான ஒரு தாவரம் நம் கண்முன்னே வாழ்கிறது. தமிழகத்தின் வட எல்லை எனப் பழம்புலவர் குறித்த வேங்கட மலைதான் அதன் தாயகம்! சைகஸ் பெடோமி என்பது அதன் பெயர். சென்னை மாகாணக் காட்டிலாகாவில் பணியாற்றிய கர்னல் பெடோம் நினைவாக, 1883ஆம் ஆண்டில் டையர் என்ற தாவரவியலார் அப்பெயரைச் சூட்டினார். திருப்பதி, கடப்பை மலைகளையன்றி உலகில் வேறெங்கும் இஃது இயற்கையாக வளர்வதில்லை என்பது நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தியன்றோ?

பார்வைக்கு இது குட்டையான ஈச்சமரம் போலிருக்கும். ஆனால் ஈச்சைக்கும் இதற்கும் உறவில்லை. பைனைப் போலவே இதுவும் வித்து மூடாத் தாவரம், பூவுமில்லை, கனியுமில்லை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் உச்சியில் மகரந்தம் நிறைந்த கூம்பு தோன்றும். பெண் மரத்திலோ, இலை போன்ற செதில்களின் விளிம்பிலேயே சூல்கள் திறந்தபடி இருக்கும். இக்குலத்தின் ஆண் அணுக்கள் சூலுக்குள் நீந்திச் சென்று முட்டையணுவை அடைவன. இவ்வியப்பை 1896இல் ஜப்பானிய அறிஞர் இக்கேனோ மற்றொரு சைகஸ் இனத்தில் கண்டறிந்தார்.

இக்குலம் 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதனால் இதனை ‘உயிருள்ள புதைபடிவம்’ என்பர். ஆனால் இன்றுள்ள சைகஸ் இனங்கள் பலவும் கடந்த ஒன்றேகால் கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என 2011இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. குடி பழையது, பிள்ளைகள் இளையவர்!

இத்தகைய செல்வத்திற்கு வந்த இடர் யாது? ஆண் கூம்பை மருந்துக்காக வெட்டியெடுக்கும் வழக்கமே அது. தெலுங்கில் அதனை மதனகாமாட்சி என்பர். மகரந்தம் உதிருமுன் கூம்பை வெட்டினால் அருகிலுள்ள பெண் மரம் மலடாகிறது. மரம் சாவதில்லை; மறுபடியும் தழைக்கிறது. ஆகவே பார்ப்பவர்க்கு இழப்புத் தெரிவதில்லை. ஆனால் கன்றுகள் இல்லாத காடு எத்தனை நாள் நிற்கும்?

பன்னாட்டு வாணிக உடன்படிக்கை இவ்வினத்தைத் தன் முதற்பட்டியலில் வைத்துக் காக்கிறது. 1989இல் வேங்கடேசுவரர் தேசியப் பூங்காவும், 2010இல் சேஷாசல உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தன. சட்டம் வேலி போடலாம். வேலிக்குள் இருப்பது இன்னதென்று அறிந்தவர்களும் வேண்டுமல்லவா?

நண்பர்களே! அடுத்த முறை மலையேறும்போது சரிவுகளை ஒரு கணம் உற்று நோக்குங்கள். ஈச்சை போன்ற ஒன்று தென்பட்டால், பறிக்காமல் பார்த்து வாருங்கள். அதுவே நாம் அத்தொல்குடிக்குச் செய்யும் மரியாதை.