தாத்தாவின் கிளாஸும் பேரனின் போனும்

டீ வரட்டும் தம்பி, அதற்குள் உன் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அடிப்படை உரிமை என்று நீ பேச்செடுத்தால், "கடை பெஞ்சுல உக்காந்து கண்ணாடி கிளாஸ்ல டீ குடிக்கிறியே, அதாண்டா உரிமை" என்று தாத்தா ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அப்பாவோ, "போன்ல கண்டதையும் போடாதே, கேஸ் விழுந்தா கவர்மெண்ட் வேலை போச்சு" என்பதோடு சரி. நீ பேச்சுரிமை, அந்தரங்க உரிமை என்று கல்லூரியில் படித்துவிட்டு வந்து, வீட்டில் யாருக்கும் எதுவும் புரியவில்லை என்று வருத்தப்படுகிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று பேர் சொல்வதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொறுமையாகக் கேட்டால் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்.

தாத்தாவிலிருந்து தொடங்குவோம். எண்பதைத் தாண்டியவர். அவர் பையனாக இருந்த காலத்துக் கிராமத்து டீக்கடையில், அவருடைய தெருக்காரர்களுக்கு முதலில் கொட்டாங்குச்சி, பிறகு தனியாக ஒரு அலுமினியக் குவளை. குடித்தவரே அதைக் கழுவி, எடுத்த இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். பெஞ்சு மற்றவர்களுக்கு, இவர்கள் குத்தவைத்துத்தான் குடிக்க வேண்டும். இந்தத் தடையை எந்த அரசாணையும் போடவில்லை. ஊர் போட்டது.

அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவுக்கு இது நன்றாகவே தெரியும். அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் உள்ள உரிமைகளில் பெரும்பாலானவை அரசைப் பார்த்து "இதைச் செய்யாதே" என்று சொல்பவை. பிரிவு 15-இன் இரண்டாவது உட்பிரிவோ ஊர்ப் பக்கம் திரும்புகிறது. கடை, பொது உணவகம், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று இடங்களையே பெயர் சொல்லி அடுக்கி, சாதியையோ மதத்தையோ காட்டி ஒரு குடிமகனை அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழித்து, எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்றது. அந்தக் குற்றத்துக்குத் தண்டனை சொல்ல 1955-இல் ஒரு சட்டம் வந்தது. அதை 1976-இல் கடுமையாக்கி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அதன் நான்காம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார். உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு.

நாடாளுமன்றம் டீ கிளாஸ் வரை இறங்கிவந்து ஒரு சட்டம் எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அதே நேரம், தனிக் குவளை இருந்த இடத்தில் பேப்பர் கப் வந்துவிட்ட கடைகளும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குச் சாதி பார்த்து பேப்பர் கப் என்றால் அதுவும் குற்றம்தான். ஆகவே தாத்தா கிளாஸைக் காட்டும்போது பழங்கதை பேசுகிறார் என்று நினைக்காதே. பிரிவு 15-உம் 17-உம் அவர் வாழ்க்கையில் எந்த இடத்தில் வந்து சேர்ந்தன என்று சொல்கிறார்.

இந்தா, டீ வந்துவிட்டது. ஆறுவதற்குள் குடி.

தாத்தா அதிகம் பேசாத இன்னொரு காலமும் உண்டு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. சமத்துவத்துக்கான பிரிவு 14, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21, கைதானவருக்குப் பாதுகாப்புத் தரும் 22 ஆகியவற்றுக்காக நீதிமன்றம் போகும் உரிமையைக் குடியரசுத் தலைவரின் ஆணை இரண்டே நாளில் நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் அதன் முழுச் சூடும் 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது. விசாரணையில்லாமல் அடைத்துவைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு உயிரிழந்தார். அந்தச் சிறைக் கொடுமைகளைப் பின்னால் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. "மிசா" என்ற சொல்லைக் கேட்டதும் அந்த வயதுக்காரர்கள் குரலைத் தாழ்த்துவது இதனால்தான்.

அப்போது உச்ச நீதிமன்றத்தில் நடந்ததை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காரணமில்லாமல் பிடித்து அடைத்தால் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் போடலாம் என்றன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் போட முடியாது என்றது. வாதத்தின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, தனிப்பட்ட பகையால் ஒரு போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால் கூடவா பரிகாரம் இல்லை என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்பதே அரசுத் தரப்பின் பதிலாக இருந்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய அந்த ஒருவர் கன்னாதான். மறு ஆண்டு அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி, அவரைவிடப் பணியில் இளையவருக்குப் போனது.

1978-இல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்து, எந்த நெருக்கடி நிலையிலும் பிரிவு 20-ஐயும் 21-ஐயும் முடக்க முடியாது என்று பூட்டு போட்டார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பு புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. அதை எடுத்தெறிந்தது எது தெரியுமா? நீ மூச்சுக்கு மூச்சு சொல்கிறாயே, 2017 ஆகஸ்ட் 24-இல் வந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்பு, அதேதான். அந்தரங்கம் பிரிவு 21-க்குள் அடங்கிய உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்த வழக்கு. 1976-இல் பெரும்பான்மைப் பக்கம் நின்றவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். அது தவறு என்று 41 ஆண்டுகள் கழித்து எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் வழக்குப் போடும்போது அவருக்கு வயது 86.

அதனால் அந்தரங்க உரிமை உங்கள் தலைமுறைச் சமாச்சாரம், தாத்தாவுக்கு அது விளங்காது என்று சொல்லாதே. உன் போனுக்குள் யார் எட்டிப் பார்க்கலாம் என்ற கேள்விக்கும், மிசாவில் போனவர் எங்கே என்று அவர் மனைவி கேட்ட கேள்விக்கும் பதில் ஒரே பிரிவில்தான் இருக்கிறது. அவரவர் காலத்தில் எது மறுக்கப்பட்டதோ அதைத்தான் அவரவர் முதலில் சொல்வார்கள். தாத்தாவுக்குக் கிளாஸ் மறுக்கப்பட்டது, உனக்கு மறுக்கப்படவில்லை. அதனால் நீ போட்ட பட்டியலில் கிளாஸ் இல்லை.

சரி, உன் பேச்சுரிமைக்கு வருவோம். பிரிவு 19-இன் தொடக்கக் கதையில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தடை ரத்தானது. பொது ஒழுங்கு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பேச்சை அடைக்க அன்றைய அரசியலமைப்பு இடம் தரவில்லை. உடனே 1951-இல் முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு ஒரு காரணமாகச் சேர்ந்தது. கூடவே, எந்தக் கட்டுப்பாடும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அந்த 'நியாயமான' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை வக்கீல்கள் வாதாடுகிறார்கள்.

அப்பாவின் இளமையில் 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் வழக்கு நடந்தது. இடஒதுக்கீட்டைப் பற்றிய அந்தப் படம் ஓடினால் கலவரம் வரும் என்று சொல்லப்பட்டது. மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை அடக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு சாக்குச் சொல்லக் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி அப்பா. அவரைக் கோழை என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை தம்பி. வேலைக்குப் போனால் போலீஸ் வெரிஃபிகேஷன், பாஸ்போர்ட்டுக்கும் வெரிஃபிகேஷன் என்று பார்த்துப் பழகியவர். ஒரு எஃப்.ஐ.ஆர். வீட்டை என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியும். நீ சொல்வதுபோல, இணையத்தில் புண்படுத்தும் பதிவு போட்டால் தண்டிக்க வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-இல் ரத்து செய்துவிட்டார்கள்தான். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவில் பகையைத் தூண்டுவதற்கு 196, வதந்திக்கு 353 என்று வேறு பிரிவுகள் இருக்கின்றன. பதிவு போடும்போது அவை நினைவில் இருக்கட்டும்.

அப்படியே ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் பதறாதே. ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றம் என்றால் எடுத்தவுடன் கைது செய்துவிடக் கூடாது. நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குக் கூப்பிடலாம். கைதுதான் வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், நீ விரும்பும் வக்கீலைப் பார்க்கவிட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது பிரிவு 22. நெருக்கடி நிலையில் முடங்கிக் கிடந்த அதே பிரிவு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

வேலை விஷயத்தில் அப்பாவிடம் சொல்ல ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தத் தவறை வேலை கொடுப்பவர் தம் விருப்பப்படி பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. விடத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தில் உன்மீது வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால் உள்ளதை எழுதிவிட வேண்டும். பல பேருக்கு வேலை போனது வழக்கு இருந்ததால் அல்ல, அதை மறைத்ததால்.