ஒரு புள்ளியால் வந்த பயம்

கட்டாரில் வேலை செய்யும் மகளிடமிருந்து விடியற்காலையில் ஒரு குறுஞ்செய்தி: ‘அம்மா. கோல். மீ. நவ்.’ எல்லாம் ஆங்கில எழுத்து. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு முற்றுப்புள்ளி. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை வாசித்துச் சொன்னதும் வவுணதீவில் இருக்கும் அந்தத் தாய்க்குக் கைகால் ஓடவில்லை. யுத்த காலத்தில் நேரங்கெட்ட நேரத்தில் வந்த எந்தச் சேதி நல்ல சேதியாக இருந்தது? பதறியடித்துக் கோல் எடுத்தால், “சம்பளம் கூடியிருக்கு அம்மா, அதைச் சொல்லத்தான்” என்று மகள் சிரிக்கிறாள்.

பேசும்போது அழுத்திச் சொல்லக் குரல் இருக்கிறது. எழுத்துக்குக் குரல் இல்லை. தமிழில் இதற்குச் சொல்லுக்குள்ளேயே வழியுண்டு. ‘நீதான்’, ‘அவளே’, ‘வா வா’ என்றால் போதும். ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் இருக்கவில்லை. அவை ஐரோப்பியரின் அச்சு வழக்கோடு நம்மிடம் வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தமது உரைநடையில் அவற்றைக் கையாண்டார்.

ஆங்கிலத்தில் சாதாரணமாகச் செய்தி எழுதுவோர் இக்குறிகளைக் கொண்டே குரல் காட்டுகின்றனர். சிலவற்றை நாமும் தெரிந்துவைத்திருப்போம்.

சொல்லுக்குச் சொல் புள்ளி வைத்தால், நிறுத்தி நிறுத்திச் சொல்வதாகக் கருத்து. அது கோபமாகவும் இருக்கலாம், சந்தோஷமாகவும் இருக்கலாம்.

எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால், உரத்துப் பேசுவது போல.

சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இருந்தால் அழுத்தம். தடித்த எழுத்துப் போட வசதியில்லாத காலத்துக் கணினி வழக்கம் அது. இப்போது வட்ஸ்அப்பில் அப்படி எழுதினால் அச்சொல் தடித்தே தெரியும்.

ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் புள்ளி வைத்தால் அது மனமில்லாத பதிலாகத் தோன்றக்கூடும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் 2015இல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் இதைக் கண்டனர்.

‘இலவசம்’ என்று மேற்கோளுக்குள் இருந்தால் கவனம்! அழுத்திச் சொல்வதற்காகச் சிலர் அப்படி எழுதினாலும், ஆங்கிலத்தில் அது ‘இலவசமென்று சொல்லப்படுகிறது’ என்ற சந்தேகத்தையே தரும். கடன் கொடுப்பவரோ வெளிநாட்டு முகவரோ தரும் துண்டுப்பிரசுரம் என்றால், கையெழுத்து வைக்குமுன் இரண்டு தரம் கேளுங்கள்.

சகோதரிகளே, குறியை மட்டும் பார்த்துப் பிள்ளையின் மனதை முடிவுகட்ட வேண்டாம். குரலைக் கேளுங்கள். இந்தக் குறிகள் நமக்கு எப்படிப் படுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அந்த மகள் இப்போது செய்தியின் முதல் வரியிலேயே, ‘பயப்பட ஒன்றுமில்லை அம்மா’ என்றுதான் எழுதுகிறாள்.