ஓடி ஒளியும் கட்டி. விடாமல் பிடிக்கும் கதிர்!

காற்றில் கிளை ஆடுகிறது. அதில் ஒரு மாங்காய் அழுகித் தொங்குகிறது. அதைக் கல்லால் அடித்து வீழ்த்த வேண்டும். பக்கத்தில் உள்ள நல்ல காய்கள் மீது கல் படவே கூடாது. முடியுமா?

நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும் டாக்டர்களுக்கு இதே சங்கடம்தான்!

மூளையில் கட்டி இருந்தால் கவலை குறைவு. தலைக்கு ஒரு முகமூடி மாட்டி, அசையாமல் வைத்து விடலாம். நுரையீரலை எப்படி நிறுத்துவது? சும்மா படுத்திருக்கும் மனிதர் கூட, நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் திரை இருக்கிறது. அதன் பெயர் உதரவிதானம். மூச்சு இழுத்தால் அது கீழே இறங்கும். விட்டால் மேலே ஏறும். நுரையீரலும் அதோடு போகும். கட்டியும் கூடவே போகும்.

"போனால் என்ன? கொஞ்சம் அகலமாகக் கதிரைப் பாய்ச்சினால் போகிறது!" என்று தோன்றலாம்.

பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். கட்டி எங்கெல்லாம் போகுமோ, அங்கெல்லாம் கதிர் பாய்ந்தது. கட்டி கருகியது. அதைச் சுற்றி இருந்த நல்ல நுரையீரலும் அடிபட்டது. இப்படி அடிபட்ட நுரையீரல், சில மாதங்களில் அழற்சி கண்டு இருமலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கலாம். இந்த நோயாளிகளில் பலர், புகை பிடித்து ஏற்கனவே நுரையீரல் கெட்டுப் போனவர்கள். ஆபரேஷனைத் தாங்க மாட்டார்கள் என்றுதான் கதிர் சிகிச்சைக்கே வருகிறார்கள். அவர்களிடம் மிச்சம் இருப்பதையும் பறிக்கலாமா?

கடுகு அளவு தங்கம்

இதற்கு ஜப்பான் நாட்டு டாக்டர்கள் வழி தேடினார்கள். மூச்சின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கதிரை விட்டு விட்டுப் பாய்ச்சும் முறையை, சுகுபா பல்கலைக்கழகத்தார் 1989-ல் வெளியிட்டார்கள். பிறகு சப்போரோ நகரில் உள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், டாக்டர் ஹிரோகி ஷிராட்டோவும் அவரது குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1999-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அவர்கள் செய்தது என்ன? 2 மில்லி மீட்டர் தங்க மணி ஒன்றை, கட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கடுகு அளவுதான்! எக்ஸ்ரேயில் தங்கம் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரே கருவிகள் அந்த மணியை நொடிக்கு 30 தடவை பார்த்தன. மணி குறித்த இடத்துக்கு வந்தால் கதிர் பாயும். கொஞ்சம் விலகினாலும் நின்று விடும். மறுபடி வரும் வரை எந்திரம் காத்திருக்கும்.

இப்படிப் பார்த்ததில் கட்டியின் குணமும் தெரிந்தது. 20 நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி 2002-ல் வெளியானது. நுரையீரலின் அடிப்பகுதியில், எதிலும் ஒட்டாமல் இருந்த கட்டிகள், மேலும் கீழுமாகச் சராசரி 12 மில்லி மீட்டர் ஓடின. அதாவது ஏறக்குறைய அரை அங்குலம்! பாதிப் பேருக்கு, மூச்சு இழுக்கும்போது கட்டி ஒரு வழியில் போனது. விடும்போது வேறு வழியில் திரும்பியது. பலே திருடன்தான்! சிலருக்கு இதயத் துடிப்பும் அதைத் தள்ளியது.

மூச்சை விட்டு முடித்த நிலையில்தான் கட்டி அதிக நேரம் தங்குகிறது என்பதும் தெரிந்தது. குறி பார்க்க அது நல்ல நேரம்.

இந்த முறையில் குறையும் உண்டு. விட்டு விட்டுப் பாய்ச்சுவதால் நேரம் அதிகம் ஆகும். மணியைப் பார்ப்பதற்கே எக்ஸ்ரே வேண்டும்; அதுவும் கதிர்தானே!

மூச்சை அடக்கு!

வேறு வழிகளும் வந்தன. சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில், 1990-களில் வயிற்றை ஒரு தகட்டால் அழுத்தி, மூச்சின் ஆழத்தைக் குறைத்தார்கள். கட்டி போகும் பக்கமெல்லாம் கூடவே நகரும் எந்திரக் கையும் வந்து விட்டது.

எல்லோருக்கும் இத்தனை ஏற்பாடு தேவை இல்லை. முதலில், மூச்சின் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டும் ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்கிறார்கள். 5 மில்லி மீட்டருக்கு மேல் ஓடினால் தக்க ஏற்பாடு செய்யலாம் என்று, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006-ல் யோசனை சொன்னது.

சில ஆஸ்பத்திரிகளில் நோயாளியையே மூச்சை அடக்கச் சொல்கிறார்கள். ஆழமாக இழுத்து, 15, 20 நொடி நிறுத்த வேண்டும். அதற்குள் கதிர் பாயும். பிறகு ஓய்வு. மறுபடி மூச்சு. சிகிச்சைக்கு முன்பே இதற்குப் பயிற்சி உண்டு. சில எந்திரங்களில், குழாய் வழியாக மூச்சு விட்டுக் கொண்டிருக்கும்போது, குறித்த அளவில் ஒரு அடைப்பான் மூடிக் கொள்ளும். பயப்பட வேண்டாம், நோயாளியின் கையில் ஒரு பொத்தான் இருக்கும். முடியவில்லை என்றால் விரலை எடுத்தால் போதும். அடைப்பான் திறந்து விடும், கதிரும் நிறுத்தப்படும்.

இரைப்பு அதிகம் உள்ளவர்களால் இவ்வளவு நேரம் அடக்க முடியாது. அவர்களை யாரும் வற்புறுத்துவது இல்லை. அவர்கள் பாட்டுக்கு மூச்சு விடுகிறார்கள். எந்திரம் சமயம் பார்த்துக் கதிரைப் பாய்ச்சுகிறது.