காவலருக்கும் ஒரு பாடம்

மருதானைச் சந்தியில் சிறிது நேரம் நின்று நோக்குவோர், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதைக் காண்பர். இத்தகைய நகரிலே கடமையாற்றும் பொலிஸ் உத்தியோகத்தருக்குத் திருடனைப் பிடிக்கும் திறமை மட்டும் போதுமா? போதாதென்பதை 2019ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று.

அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தது. அதற்கும் முன்னரே, சஹ்ரான் ஹாஷிமின் வெறுப்புப் பிரசாரத்தைக் குறித்துக் காத்தான்குடி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். அம்முறையீடு உரிய கவனத்தைப் பெறவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதியும் முன்னாள் பொலிஸ் மா அதிபரும் பிறரும் நட்டஈடு செலுத்துதல் வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2019 மே மாதத்தில் நேர்ந்ததோ வேறொரு தவறு. ஆடையிலிருந்த கப்பற் சுக்கானின் சித்திரத்தைத் தர்மசக்கரமெனக் கருதி, ஹசலகவில் முஸ்லிம் பெண்ணொருவரைப் பொலிஸார் கைது செய்தனர். மெய்யான அபாயம் கண்ணிற் படவில்லை; குற்றமற்ற ஆடையோ குற்றமாயிற்று!

வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுக்கும் பயிற்சி இவ்விரு தவறுகளையும் களைதல் வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு 2014இல் இப்பொருள்பற்றி ஒரு கைநூலை வெளியிட்டது. மக்களின் நம்பிக்கையைப் பெற்று அவர்களோடு சேர்ந்து காவல் புரிதலே அந்நூல் கூறும் வழி. ஒருவர் கொண்ட கொள்கை கடுமையானதென்பதால் மட்டும் அவர் குற்றவாளியாகார்; வன்முறையைத் தூண்டுதலும் அதற்கு ஆயத்தஞ் செய்தலுமே குற்றம். உடையும் தாடியும் வழிபாடும் அதற்குச் சான்றாகா.

இத்தகைய பயிற்சி இன்று பல நாடுகளில் இணையவழியாகவும் அளிக்கப்படுகிறது. தொலைதூர நிலையத்திலுள்ள கான்ஸ்டபிளும் கடமையை விட்டு நீங்காது கற்கலாம். விளங்காத பகுதியை மீண்டும் படிக்கலாம். ஆயினும், மக்களின் நம்பிக்கையைக் கணினித் திரையிலே தேடிப் பெறுதல் இயலாது. அது பொலிஸ் நிலையத்தின் வாயிலிலே பிறக்க வேண்டியது.

மகனின் போக்கு மாறுவதை முதலில் அறிபவள் தாய். அவள் அஞ்சி அஞ்சி நிலையத்தின் படியேறும்போது, அவளது மொழியிலே பரிவுடன் கேட்பார் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சஹ்ரானின் பிரசாரமும் முகநூல் வழியே தமிழில்தான் பரவிற்று. ஆகவே, காவலருக்குரிய இப்பாடத்தில் தமிழறிவும் ஓர் அங்கமாதல் அவசியம். முறையிட வந்தவரைச் சந்தேக நபராக நோக்கினால், அடுத்த எச்சரிக்கையை நம்மிடம் கொண்டுவருவோர் யார்?