உழைக்க இடமுண்டு, இருக்க இடமில்லை
டுபாயில் மூன்று நாட்கள்

லண்டனில் வாழும் எம்மவர் பலர், ஊருக்குச் சென்று திரும்பும் வழியில் டுபாயில் ஓரிரு நாட்கள் தங்கி வருவதை அண்மைக் காலத்தில் வழக்கமாக்கிக்கொண்டுள்ளனர். வந்தவர்கள் காட்டும் படங்களில் முகிலைத் தொடும் கட்டடங்களும், கண்ணாடிபோல் மின்னும் வீதிகளும், பொன் நகைகள் தொங்கும் கடைகளும் நிறைந்திருக்கும். எமக்கும் 2024ஆம் ஆண்டு மார்கழியில் அவ்வாய்ப்புக் கிட்டியது. யாழ்ப்பாணத்தில் எமது சகோதரியின் மகளுக்குத் திருமணம். அங்கு செல்லும் வழியில் மூன்று நாட்கள் டுபாயில் தங்கினோம்.

ஊர் பார்ப்பது மட்டும் எமது நோக்கமன்று. சகோதரியின் இளைய மகனுக்கு வயது இருபத்துமூன்று. புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன் அவர் தொலைபேசியில் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "மாமா, டுபாயில வேலை இருக்கெண்டு ஏஜென்சிக்காரர் சொல்லினம். ஆறு இலட்சம் வேணுமாம். அம்மா தோட்டக்காணியை ஈடு வைக்கலாம் எண்டு சொல்றா. இல்லாட்டி லண்டனுக்கு வர ஏதாவது வழி பாருங்கோ. எது நல்லது மாமா?"

ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் எத்தனையோ வினாக்களுக்கு விடை கூறியிருக்கிறோம். இவ்வினாவுக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. "நேரில் வந்து சொல்கிறேன், அதுவரை காணியைத் தொடாதீர்கள்" என்று மட்டுமே கூறிவைத்தோம்.

வாசலில் கண்டவை

விமானம் தரையிறங்கியது இரவு பதினொரு மணியளவில். பிரித்தானியக் கடவுச்சீட்டைக் கண்ட அலுவலர் வினா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போகலாம் என்று கையசைத்தார். சற்று அப்பால், ஒரே நிறத் தொப்பி அணிந்த இளைஞர்கள் நாற்பது ஐம்பது பேர் சுவரோரமாகத் தரையில் குந்தியிருந்தனர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கடித உறை. தெற்காசியர் என்பது முகத்திலேயே தெரிந்தது. எவரோ வந்து அழைத்துச் செல்வதற்காக அவர்கள் காத்திருந்தனர்.

2000ஆம் ஆண்டில் லண்டன் வந்து இறங்கிய இரவில், நாமும் இவ்வாறு ஓர் உறையைக் கையில் பிடித்தவாறு வாங்கில் காத்திருந்தவர்களே. இன்று எவரும் எம்மை நிறுத்தவில்லை. மனிதர் மாறவில்லை, கையிலுள்ள சிறு புத்தகம் மாறிவிட்டது. டுபாயில் எமக்கு ஏற்பட்ட முதல் எண்ணம் இதுதான். அங்கு பின்னர் கண்ட எல்லாவற்றையும் இவ்வெண்ணத்தின் ஊடாகவே நோக்கினோம்.

மறுநாட் காலை நகரைப் பார்த்தோம். வியக்க வேண்டியவற்றை வியக்காமல் விடுவது நேர்மையாகாது. 2009இல் தொடங்கப்பட்ட மெற்றோ ரயில் சாரதியின்றியே ஓடுகிறது. ஒரு நிமிடமும் பிந்தவில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. 2010 தையில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீபா 828 மீற்றர் உயரமானது. லண்டனில் நாம் அண்ணாந்து பார்க்கும் ஷார்ட் கட்டடம் ஏறத்தாழ 310 மீற்றர்தான். தெருவிற் குப்பையில்லை. நள்ளிரவிலும் பெண்கள் அச்சமின்றி நடமாடுகின்றனர்.

ஆயினும் ஒரு புதுமை எம் மனத்தை உறுத்தியது. அந்நாட்டவரைக் காண்பது அரிதாயிருந்தது. வாடகை வண்டிச் சாரதி பாகிஸ்தானியர், விடுதி வரவேற்பாளர் பிலிப்பினோப் பெண், கடைக்காரர் மலையாளி, கூட்டித் துடைப்பவர் வங்காளதேசத்தவர். 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்நகர மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் வெளிநாட்டவர் எனின் வேறெவ்வாறு இருக்கும்? கராமாப் பகுதியில் தமிழ் கேட்காத தெருவே இல்லை எனலாம். அங்கே காலையில் இடியப்பமும் சம்பலும் உண்டபோது ஈஸ்ற்ஹாமில் இருப்பதாகவே உணர்ந்தோம். ஆனால் ஈஸ்ற்ஹாமில் உண்பவர்களிடையே முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருப்பர். இங்கோ பெரும்பாலும் இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களே இருந்தனர்.

முத்துக் காலத்தில் வந்தவர்கள்

பிற்பகலில் நகரின் பழைய பகுதிக்குச் சென்றோம். டேரா, பர்டுபாய் என்னும் இரு கரைகளுக்கும் இடையே உப்புக் கழி ஒன்று ஓடுகிறது. ‘அப்ரா’ எனப்படும் சிறு படகிலேறிக் கடக்கக் கட்டணம் ஒரு திர்ஹம். குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் படகேறிய நாட்கள் நினைவுக்கு வந்தன.

செல்வமெல்லாம் எண்ணெயால் வந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். டுபாயில் எண்ணெய் கண்டறியப்பட்டது 1966இல்தான். அதற்கு முன்னர் இக்கழியின் வாழ்வு முத்துக்குளிப்பிலும் வணிகத்திலும் தங்கியிருந்தது. 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் யப்பானியரின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அம்முத்துத் தொழிலை வீழ்த்தின. 1966 வரை அங்கு செலாவணியில் இருந்ததும் ரூபாவே. பிரித்தானியர் வளைகுடாவை விட்டு விலகிய 1971இன் மார்கழி 2ஆம் நாளில்தான் ஐக்கிய அரபு இராச்சியம் என்னும் நாடு பிறந்தது. நம்மிற் பலரின் வயதே அந்நாட்டின் வயது.

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பும் நாம் அறிந்ததே. 1905ஆம் ஆண்டளவில் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த பெரும் முத்துக்குளிப்புகளில், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுச் சுழியோடிகள் பெருந்தொகையினராய் மூழ்கினர். நூறாண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடி எமது கரைக்கு வந்தவர்கள் அவர்கள். இன்று பிழைப்புத் தேடி அவர்களது கரைக்குப் போகின்றவர்கள் எம் பிள்ளைகள். செல்வம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பதை மாணவர்க்கு விளக்க இதனிலும் நல்ல பாடம் இல்லை.

ஓர் அறையும் ஆறு கட்டில்களும்

வடமராட்சியில் எம்மிடம் கல்வி கற்ற மாணவர் ஒருவர் பதினாறு ஆண்டுகளாக டுபாயில் குளிரூட்டிகளைத் திருத்தும் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அவரே எம்மைத் தேடிவந்து, "சேர், எங்கட இடத்தையும் ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அழைத்துச் சென்றார்.

அவரது வதிவிடம் ஓர் அறையன்று, அறையிலொரு கட்டில். அங்கு அதனை ‘பெட் ஸ்பேஸ்’ என்பர். அறையில் மூன்று இரட்டைத் தட்டுக் கட்டில்கள், ஆறு பேர். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஒரு துணித்திரை. அத்திரைக்குள் ஒரு சாமிப் படம், பிள்ளையின் புகைப்படம், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கம்பி. எமக்கு அமர்வதற்காக ஒருவர் தம் கட்டிலை ஒழித்துத் தந்தார். இன்னொருவர் பால்தேநீர் வார்த்துத் தந்தார். அந்த உபசரிப்பில் குறையேதுமில்லை.

நாம் சென்றது லண்டனின் இளவேனிலை ஒத்த இதமான காலம். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆனி 15 முதல் புரட்டாதி 15 வரை நண்பகல் 12.30 இலிருந்து 3 மணிவரை வெளிவேலை செய்விக்கக்கூடாதென்று சட்டமுண்டு. எனினும் தொழிற்சங்கம் அமைக்க அனுமதியில்லை. புர்ஜ் கலீபா எழுந்துகொண்டிருந்த 2006 பங்குனியில், அதனைக் கட்டிய தொழிலாளர் பெருந்தொகையினர் சம்பளத்தையும் நடத்தப்படும் முறையையும் எதிர்த்துக் கொதித்தெழுந்தனர். உலகம் இன்று அக்கட்டடத்தின் உயரத்தை அறியும். கட்டியவரின் பெயரை அறியாது.

"குடும்பத்தைக் கூப்பிட முடியாதா தம்பி?" என்று வினவினோம்.

"மாதம் நாலாயிரம் திர்ஹம் சம்பளம் வேணும் சேர். இல்லாட்டி மூவாயிரமும் இருக்க வீடும் வேணும். எனக்கு அவ்வளவு இல்லை. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நாப்பது நாள் லீவு. கூட்டிப் பாருங்கோ, மனிசி பிள்ளையோட நான் இருந்தது மொத்தம் எட்டு மாசம்."

கணக்குச் சரியாகவே இருந்தது. அக்கணக்கைப் பிழையென்று கூற முடியாதா என ஏங்கினோம்.

அவரிடம் முறைப்பாடு இல்லை. ஊரில் கல்வீடு கட்டிவிட்டார், தங்கையைக் கரைசேர்த்துவிட்டார். இவையெல்லாம் இந்த ஒரு கட்டிலிலிருந்து நிகழ்ந்தவை. ஆனால் வேலை போய்விட்டால், குறித்த நாட்களுக்குள் வேறு வேலை தேடவேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போகவேண்டும். பதினாறு ஆண்டு உழைப்பு அங்கு தங்கும் உரிமையாக மாறாது. செல்வந்தருக்கும் சிறப்புத் தகைமையாளருக்கும் 2019 முதல் நீண்டகால ‘கோல்டன் விசா’ கிடைக்கிறது. குளிரூட்டி திருத்துபவருக்கு அது எட்டாக்கனி.

அகதிகளாகிய நாம் குறிப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் ஐக்கிய அரபு இராச்சியம் சேரவில்லை. 2012இல் நடுக்கடலில் மீட்கப்பட்ட ஈழத்தமிழர் ஒரு தொகுதியினர் டுபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் சிலரை ஐ.நா. அகதிகள் ஆணையம் அகதிகள் என ஏற்றும், அவர்களுக்குப் புகலிடம் அந்நாட்டிலன்று, வேறு நாட்டிலேயே தேடப்படவேண்டியிருந்தது.

அவர் எம்மிடம் கேட்டது

விடைபெறும் வேளையில் மாணவர் எம்மிடம் ஒன்று கேட்டார். "சேர், நீங்கள் லண்டனுக்குப் போய் இருபத்துநாலு வருசம். ஊரில உங்கட வீடு இப்ப எப்பிடி இருக்கு?"

எமது வீட்டின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. முற்றத்து மாமரம் மட்டும் நிற்கிறது. அதனைச் சொன்னோம். அவர் தலைகுனிந்து, "அப்ப எனக்குப் போக வீடிருக்கு, இருக்க இடமில்லை, உங்களுக்கு இருக்க இடமிருக்கு, போக வீடில்லை" என்றார். எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதப் பின்வாங்கிய பிள்ளை அவர்.

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பர். எனினும் இரு கரைகளையும் சமன் என்று கூறிவிட முடியாது. லண்டனில் நாம் பெற்றோல் நிலையங்களில் இரவிரவாக நின்றோம். ஒரு கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். ஆனால் நோயுற்றபோது மருத்துவமனை எம்மை ஏற்றது. பிள்ளைகள் பள்ளி சென்றனர். முதுமையிலும் எம்மை வெளியேறு என்று சொல்வாரில்லை.

இவ்வுரிமை தானாக வந்ததன்று. பொதுநலவாய நாட்டவருள் முதன்முதலாக இலங்கையர்க்கே 1985இல் பிரித்தானியா விசா விதித்தது. 1987 மாசியில் ஹீத்ரோவில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டு ஹார்விச் துறைமுகத்தில் ‘ஏர்ள் வில்லியம்’ என்னும் கப்பலில் தமிழர் தடுத்துவைக்கப்பட்டனர். ஒக்டோபர்ப் புயலில் அக்கப்பல் கட்டறுந்து போனதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டினதும், நடத்திய வழக்குகளினதும் பயனையே பின்வந்த நாம் அனுபவிக்கிறோம்.

இதனை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. 2025 கார்த்திகையில் பிரித்தானிய அரசு அகதி அந்தஸ்தைத் தற்காலிகமானதாக்கி, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்து, நிரந்தர வதிவிடத்துக்கான காத்திருப்பை 20 ஆண்டுகளாக நீட்டும் திட்டத்தை அறிவித்தது. அச்செய்தியைப் படித்தபோது எம் கண்முன் வந்தது அந்தத் துணித்திரைக் கட்டில்தான். உழைக்கலாம், வரி கட்டலாம், வேரூன்ற மட்டும் முடியாது என்னும் நிலை வளைகுடாவுக்கு மட்டும் உரியதென இனி எண்ணியிருத்தல் ஆகாது. நாம் கடவுச்சீட்டுப் பெற்றுவிட்டோம், எமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. ஹீத்ரோவில் நின்றவர்கள் அவ்வாறு எண்ணியிருந்தால் எமது நிலை என்னவாகியிருக்கும்?

மருமகனுக்குச் சொன்ன விடை

திருமண வீட்டில் பந்தல் பிரித்த மறுநாள், மருமகனைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று கண்டதைக் கண்டவாறே கூறினோம். டுபாய் செல்வது இழிவன்று. ஆனால் வேலை வழங்குபவரே ஆட்சேர்ப்புச் செலவை ஏற்கவேண்டும், தொழிலாளியிடம் அறவிடக்கூடாது என்பது அந்நாட்டில் 2022 மாசி முதல் நடைமுறையிலுள்ள தொழிற் சட்டம். அவ்வாறிருக்க, ஆறு இலட்சம் கேட்பவரிடம் காணியை நம்பிக் கொடுப்பது எங்ஙனம்? கடவுச்சீட்டை முதலாளி பிடித்துவைப்பதும் அதே சட்டப்படி குற்றம். வேலை ஒப்பந்தத்தை வாசித்து விளங்கிக் கைச்சாத்திடவேண்டும். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமற் புறப்படலாகாது. கையில் ஒரு தொழில் இருந்தால் சம்பளம் உயரும். சம்பளம் உயர்ந்தாற்றான் குடும்பத்தோடு வாழலாம்.

லண்டனைப் பற்றியும் மறைக்காமற் கூறினோம். முகவரை நம்பிக் கடல் கடந்து வருவோரின் இன்றைய நிலையைக் கூறினோம். இங்கிருந்து நாம் அனுப்பும் படங்களில் வீடும் வாகனமும் தெரியும். அவற்றுக்குப் பின்னாலுள்ள இரவு வேலை தெரிவதில்லை. அது எமது பிழை என்பதையும் ஒப்புக்கொண்டோம்.

காணி ஈடுவைக்கப்படவில்லை. மருமகன் இப்போது குளிரூட்டி திருத்தும் தொழிலில் என்.வி.கியூ. நான்காம் நிலைச் சான்றிதழுக்குப் படிக்கிறார். டுபாயிலுள்ள எம் மாணவர் ஞாயிறுதோறும் அவருடன் தொலைபேசியிற் பேசித் தொழில் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் நாளை டுபாய் செல்லக்கூடும், செல்லாமலும் விடக்கூடும். சென்றாலும் திரும்பி வருவதற்கு அத்தோட்டம் அங்கே இருக்கும்.