ஆர்க்கிடெக்ட் கோர்ஸுக்கு ஓடிபி சொல்லும் முன்

நான்கைந்து வருடம் ஜாவாவிலோ டாட்நெட்டிலோ கோடு எழுதியவர்களுக்கு அடுத்த கனவு ஆர்க்கிடெக்ட் பதவி. அதைக் குறிவைத்தே 'ஆறே மாதத்தில் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட், வேலை நிச்சயம்' என்று பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்கின்றன.

பாடம் நடத்துபவரை முதலில் சோதியுங்கள். டிசைன் பேட்டர்னுக்கு அடிப்படை, எரிக் காமாவும் மூவரும் 1994இல் எழுதிய புத்தகத்தின் 23 பேட்டர்ன்கள். அவற்றின் வரையறைகளை யாரும் ஒப்பித்துவிடலாம். 'வாடிக்கையாளரின் பணம் பிடிக்கப்பட்டு ஆர்டர் பதிவாகாமல் போனால் சிஸ்டத்தை எப்படி வடிவமைப்பீர்கள்?' என்று டெமோ வகுப்பிலேயே கேளுங்கள். களத்தில் வேலை பார்த்தவரா என்பது பதிலில் தெரிந்துவிடும். மையம் தரும் கோர்ஸ் சான்றிதழ் வேறு, தேர்வெழுதி வாங்கும் டோகாஃப், ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்கள் வேறு. அந்தத் தேர்வுக் கட்டணமும் ஃபீஸில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். டிகிரி அசலை மட்டும் கொடுக்காதீர்கள்.

பெரிய ஆபத்து ஃபீஸை இஎம்ஐயில் கட்டுவதில் இருக்கிறது. மையத்தின் கவுன்சிலர் பான், ஆதாரை வாங்கிக்கொண்டு, "வட்டியே இல்ல சார், மாசாமாசம் கட்டினா போதும்" என்பார். செல்போனுக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னதும் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் கடன் பதிவாகும். பணம் நேராக மையத்தின் கணக்குக்குப் போய்விடும். இரண்டாம் மாதமே பேட்ச் நின்றாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும், நாளை வீட்டுக் கடனுக்கு அதுவே தடையாகும். 'சேர்க்கைப் படிவம்' என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி, டிஜிட்டல் கடன் தருபவர் ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் கடன் விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும். அபராதமின்றிக் கடனிலிருந்து விலக ஓர் அவகாசமும் உண்டு. அது மிகக் குறுகியது என்பதால் கடன் பதிவான அன்றே அதன் கடைசித் தேதியைப் பாருங்கள்.

கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020இல் தீர்ப்பளித்த தேசிய நுகர்வோர் ஆணையம், கோச்சிங் மையங்கள் வரும் என்று அதே தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது. ஐம்பது பேருக்கு மேல் பயிற்சி தரும் மையங்கள் வேலை உத்தரவாதம், சம்பள உயர்வு என்று பொய் விளம்பரம் செய்வதை 2024 நவம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஏமாற்றம் நேர்ந்தால் ஃபீஸைத் திருப்பிக் கேட்டு மையத்துக்கு மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையேல் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அடுத்தது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடன் பற்றிய புகாருக்கு நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; உதவிக்கு 14448. நுகர்வோர் வழக்கில் நிதி நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, தவணைப் பிடித்தத்துக்கு இடைக்காலத் தடை கேளுங்கள். உத்தரவு கைக்கு வரும்வரை தவணையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.